பொய் சொல்லும் பெட்டி

ஒரு காலத்தில் காருக்கு வேகம் ஏற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். காதில் பீடி செருகிய மெக்கானிக் அம்பாசடரின் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரில் ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். இன்னொரு கால் சுற்று. ‘இப்ப எடுத்துப் பாருங்க சார்’ என்பார். எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது அந்தத் திருகு இல்லை. அதற்குப் பதில் ஒரு பெட்டி. அலுமினிய டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். ஈ.சி.யு. என்பார்கள். எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கலாம், எல்லாம் அதன் உத்தரவு. பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியிடம் ஒப்படைக்கும் வழக்கத்தை 1979-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி ஆரம்பித்தது. மோட்ரானிக் என்று பெயர் வைத்து ஒரு பி.எம்.டபிள்யூ. காரில் பொருத்தினார்கள். நம் நடுத்தர வர்க்கத்துக் கார்களுக்கு அது வந்து சேர இருபது வருஷம் ஆயிற்று.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, வாய்ப்பாடுதான். ஒரு பக்கம் இஞ்சின் சுற்றும் வேகம், மறு பக்கம் அதன் மேல் இருக்கும் பாரம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். ‘இந்த வேகம், இந்தப் பாரம் என்றால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு இத்தனை டிகிரி முன்னால் பொறியை விடு.’ இப்படி நூற்றுக்கணக்கான அட்டவணைகள். நாலு சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது வினாடிக்கு 200 பொறி. ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் பெட்டி அட்டவணையைப் புரட்டிப் பார்க்கிறது. மிகவும் அவசரமான ஜோசியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார்.

இந்தப் பஞ்சாங்கத்தை மாற்றி எழுதுவதுதான் ரீமேப், அதாவது ட்யூனிங். இஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடவேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஒயரைச் செருகி, லேப்டாப்பில் இருக்கும் புதிய எண்களைப் பெட்டிக்குள் இறக்கினால் 105 குதிரை 130 குதிரையாகும். லாயத்தில் புல்லுக்கட்டைக்கூட மாற்றாமல் இருபத்தைந்து குதிரை எங்கிருந்து வரும் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. குதிரைகள் முன்பே உள்ளேதான் இருக்கின்றன. கம்பெனிக்காரன் கட்டிப் போட்டிருக்கிறான்.

ஏன் கட்டிப் போட்டான்? அவனுக்கு ஆயிரம் கவலை. அதே இஞ்சின் ஜெர்மனியில் 98 ஆக்டேன் பெட்ரோலில் ஓடவேண்டும், நம் ஊரில் சாதாரண 91-லும் ஓடவேண்டும். நார்வே பனியிலும் வேலூர் மே மாதத்திலும் ஓடவேண்டும். வாங்குகிறவர் ஆயில் மாற்றாமல் இரண்டு வருஷம் ஓட்டுவார், அதையும் தாங்கவேண்டும். வாரண்டி முடிகிறவரை கியர் பாக்ஸ் உடையக்கூடாது. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் இடைவெளி விட்டு எண்ணை எழுதுகிறான். ட்யூனர் செய்வதெல்லாம் அந்த இடைவெளியை எடுத்துக் கொடுப்பது. எவ்வளவு எடுக்கிறார், எப்படி எடுக்கிறார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இந்த விஷயங்களெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? கோவையில் என் அக்கா மகன் இருக்கிறான். அவனிடம் ஒரு போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இருக்கிறது. 2016 மாடல், செகண்ட் ஹாண்ட். அவன் அதை வைத்திருக்கிறானா அது அவனை வைத்திருக்கிறதா என்பதில் எங்கள் குடும்பத்தில் கருத்து வேறுபாடு உண்டு.

போலோவைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-லிருந்து 2022 வரை புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் செய்தார்கள். பார்க்க அடக்கமான குடும்பத்துப் பெண் மாதிரி இருக்கும். அதில் ஜி.டி. டி.எஸ்.ஐ. என்று 2013-ல் ஒன்று விட்டார்கள். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரை, 175 நியூட்டன் மீட்டர் டார்க். தமிழில் முறுக்கு விசை. (பட்சணம் இல்லை.) ஏழு கியர், கிளச் பெடல் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். இன்னும் வசதியுள்ளவர்களுக்காக 2016-ல் 1.8 லிட்டர், 192 குதிரையோடு ஜி.டி.ஐ. என்று 99 வண்டி மட்டும் இறக்குமதி செய்தார்கள். அதை வாங்க முடியாத பையன்கள் எல்லோரும் ஜி.டி. டி.எஸ்.ஐ.-ஐ வாங்கி, பெட்டியைத் திறந்தார்கள். வண்டி உற்பத்தி நின்ற பிறகும் அதன் பக்தர்கள் குறையவில்லை. கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த டீக்கடையில் நாலைந்து போலோ நின்றாலும் சுற்றிலும் நிற்கிறவர்கள் ‘ஸ்டேஜ் ஒன்னா, டூவா’ என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏதோ புற்றுநோய் வார்டில் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும், பயப்படவேண்டாம். ஸ்டேஜ் ஒன் என்றால் சாஃப்ட்வேர் மட்டும். டூ என்றால் சைலன்ஸர், காற்று வடிகட்டி எல்லாம் மாற்றுவது.

மாப்பிள்ளை 2019-ல் ஸ்டேஜ் ஒன் செய்தான். வெளியூரிலிருந்து ஒரு ட்யூனர் லேப்டாப்போடு வந்தார். ஒரே நாளில் பதினோரு வண்டிக்குச் செய்துவிட்டு ராத்திரி ரயிலுக்குப் போய்விட்டார். ஒரு காகிதம் கொடுத்தார். 132 குதிரை, 228 டார்க் என்று இரண்டு வளைகோடுகள். மாப்பிள்ளை அதை லாமினேட் செய்து வைத்திருக்கிறான். டிகிரி சர்டிபிகேட்டைச் செய்யவில்லை.

இரண்டு வருஷம் வண்டி பறந்தது. பிறகு சிக்னலிலிருந்து கிளம்பும்போது லேசாக உதற ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது என் அக்காதான்.

“ஏண்டா, வண்டியில கருகின வாசனை வருது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, முன்னாடி போற லாரி.”

“லாரியே இல்லியேடா.”

அக்கா முப்பத்தைந்து வருஷமாகச் சமைக்கிறவள். எது எங்கே அடிப்பிடிக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். பையனுக்கோ காதலில் மூக்கு அடைத்திருந்தது.

விஷயம் முற்றியது போன வருஷக் கடைசியில். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்தார்களே, பத்து கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம், அதன் ஏறுபாதையில் அக்காவை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான். முழு ஆக்ஸிலேட்டர். இஞ்சின் அலறுகிறது, வண்டி ஏறவில்லை. ஒரு மூன்று வினாடி இருக்கும். பின்னால் சிமெண்ட் லாரி. அதன் டிரைவர் புண்ணியவான், பிரேக் போட்டார். அக்கா வீட்டுக்கு வந்து எனக்கு ட்ரங்க் கால் போடுகிற தொனியில் போன் செய்து, “நீ வந்து அவனுக்குப் புத்தி சொல்லு” என்றாள். புத்தி சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டதாக அவளுக்கு எண்ணம். சென்னையிலிருந்து கிளம்பிப் போனேன்.

நான் போவதற்குள் அவனே ஒரு முடிவு எடுத்திருந்தான். “ட்யூனை மாத்தப் போறேனுங் மாமா.”

“எடுத்துட்டு பழையபடி கம்பெனி சாஃப்ட்வேரே போட்டுட வேண்டியதுதானே?”

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணமான பையனைத் திரும்பவும் ஹாஸ்டலுக்குப் போ என்ற மாதிரி.

இரண்டாவது ட்யூனர் பீளமேட்டுப் பக்கம். முப்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, அதிகம் பேசாத ஆசாமி. ஷெட் சுத்தமாக இருந்தது. தரையில் ரோலர்கள். அதன் மேல் காரை ஏற்றிக் கட்டிப்போட்டு ஓட்டினால் இருந்த இடத்திலேயே சக்கரம் சுற்றும், சக்தியை அளக்கலாம். டைனோ என்பார்கள். மாப்பிள்ளை பெருமையாக லாமினேட் காகிதத்தை நீட்டினான். அவர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது இஞ்சின்ல அளந்ததா, சக்கரத்துல அளந்ததாங்க?”

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் சொன்னது பிடித்துப் போயிற்று, உங்களுக்கும் சொல்கிறேன். ரோலர் அளப்பது சக்கரத்தில் வரும் சக்தியை. இஞ்சினிலிருந்து சக்கரம் வரை வழியில் உராய்வில் கொஞ்சம் போய்விடும். எவ்வளவு போயிற்று என்பதை ஆபரேட்டர் ஒரு சதவீதமாகக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார். சக்கரத்தில் 112 என்று வந்தால், வழிச் செலவு 12 சதவீதம் என்று வைத்தால் இஞ்சினில் 127. பதினைந்து என்று வைத்தால் 132. ஐந்து குதிரையை உண்டாக்க ஒரு விரல் போதும். கல்யாணத் தரகர் சம்பளம் சொல்கிற மாதிரிதான், பிடித்தம் போகவா, சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

அவர் பழைய சாஃப்ட்வேரை உடனே எடுக்கவில்லை. சாக்கெட்டில் ஒயரைச் செருகி, ரோலர் மேல் மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து 6,000 வரை நாலு தரம் ஓட்டி, பெட்டி என்ன நினைக்கிறது என்று லேப்டாப்பில் பதிவு செய்தார். லாக் எடுப்பது என்று பெயர். பிறகு அந்த எண்களை உட்கார்ந்து படித்தார். டீ வந்து ஆறியது. இன்னொரு டீ வந்தது. “ஃபைல் மாத்தறது பத்து நிமிஷ வேலைங்க சார். படிக்கறதுதான் வேலை” என்றார்.

லாக்கில் இரண்டு விஷயம் அகப்பட்டன.

முதலாவது காது. இஞ்சின் பிளாக்கில் ஒரு மைக் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். நாக் சென்ஸர். அளவுக்கு மீறிக் காற்றை அழுத்தினால், அல்லது பொறியைச் சீக்கிரம் விட்டால், தீ ஒழுங்காகப் பரவுவதற்குள் ஒரு மூலையில் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். உள்ளே யாரோ சுத்தியலால் பிஸ்டனைத் தட்டுகிற சத்தம். மட்டமான பெட்ரோல், வெயில், அதிக டர்போ மூன்றும் சேர்ந்தால் நிச்சயம். மைக் அதைக் கேட்டதும் பெட்டி பொறியைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளி இஞ்சினைக் காப்பாற்றும். அதனால்தான் நாம் எந்த பங்கில் எதைப் போட்டாலும் வண்டி ஓடுகிறது. மாப்பிள்ளையின் வண்டியில் பொறி பின்னுக்குப் போகவே இல்லை. நாலு ஓட்டத்திலும் திருத்தம் சுத்தமாக சைபர். மாப்பிள்ளை, “பாருங் மாமா, நாக்கே இல்ல” என்று சந்தோஷப்பட்டான். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். டர்போ வண்டி, ரோலர் மேல் முழு ஆக்ஸிலேட்டர், சாதாரண பெட்ரோல், ஷெட்டுக்குள் புழுக்கம். ஒரு டிகிரியாவது திருத்தம் வராமல் இருக்கவே முடியாது. வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று. இஞ்சின் தெய்வப் பிறவி. அல்லது யாரோ அதன் காதில் பஞ்சு வைத்திருக்கிறார்கள். மைக் எவ்வளவு சத்தம் கேட்டால் நாக் என்று எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதை ஏற்றிவிட்டால் பெட்டிக்குக் காது கேட்காது.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம். பெட்டி, தான் எவ்வளவு டார்க் கொடுக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டு லாக்கில் ஒரு பத்தியில் எழுதுகிறது. லாமினேட் காகிதத்தில் 228. லாக்கில் 178.

“ஐம்பது எங்க போச்சு?” என்றேன்.

“போகலைங்க சார். இருக்குது. பெட்டிகிட்ட சொல்லலை.”

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அக்காவின் கருகல் வாசனை இங்கேதான் இருக்கிறது. இந்த வண்டியில் கியர் பாக்ஸுக்குத் தனியாக ஒரு பெட்டி, தனி மூளை. உள்ளே இரண்டு உலர்ந்த கிளச்சுகள். அந்த மூளை இஞ்சின் பெட்டியிடம், ‘இப்போது எவ்வளவு டார்க் அனுப்புகிறாய்?’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சொன்ன எண்ணுக்குத் தக்கபடி கிளச்சை அழுத்திப் பிடிக்கும். தேவைக்கு மேல் அழுத்தினால் வண்டி குலுங்கும், குறைவாக அழுத்தினால் வழுக்கும். இந்தக் கியர் பாக்ஸ் தாங்கக்கூடியது 250 வரை. ஆக 228 என்பது எல்லைக்குள்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அது பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்லி டார்க் ஏற்றுவது கஷ்டம். பெட்டிக்குள் அங்கங்கே காவல்காரர்கள். ‘இவ்வளவுக்கு மேல் போகாதே’ என்று பத்துப் பதினைந்து இடங்களில் எல்லை எழுதியிருக்கும். ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஏற்றவேண்டும். நாள் கணக்கில் வேலை. குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. காற்றையும் டார்க்கையும் இணைக்கும் அட்டவணையையே மாற்றிவிடு. அதிகக் காற்று வந்தாலும் குறைந்த டார்க் என்று கணக்குப் போடட்டும். காவல்காரர்கள் எல்லோரும், ‘178 தானே, போ’ என்று கையைக் காட்டுவார்கள். ஒரே நாளில் பதினோரு வண்டிக்குச் செய்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம்.

எல்லோரும் சுகம், ஒருவரைத் தவிர. கியர் பாக்ஸ். அது பாவம் 178 என்று நம்பி, 178-க்கு அழுத்திப் பிடிக்கிறது. வருவது 228. வழுக்குவதைப் பார்த்து அதுவும் தன்னால் ஆனமட்டும் திருத்திக்கொள்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் கொஞ்சம் தேய்கிறது. ஏழு வருஷம் தேய்ந்து, மேம்பாலத்து ஏற்றத்தில் வயதான ஒரு பெண்மணி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கை விட்டுவிட்டது.

மேலுக்கு அப்பாவி போலத் தெரியும் சாஃப்ட்வேர் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பிடித்த கம்பெனியினுடையதே. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களைப் பிடித்தது. பரிசோதனை ரோலர் மேல் சக்கரம் சுற்றுகிறது, ஸ்டியரிங் திரும்பவில்லை என்றால் ‘ஓகோ, இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார்’ என்று புரிந்துகொண்டு புகையைக் குறைத்துக்கொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆட்கள் டிக்கியில் கருவியைக் கட்டிக்கொண்டு நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்ததால் வெளியே வந்தது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். நம் நாட்டிலும் மூன்று லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். இரும்பு உருக்குவதில் ஜெர்மன்காரனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதெல்லாம் சரி. எண் எழுதும்போது அவனும் மனிதன்தான்.

சரி, பழையதை எடுத்துப் புதியதைப் போடவேண்டும். அதில் ஒரு விவாகரத்து கேஸுக்கு உண்டான அத்தனை சிக்கலும் இருந்தது. ஒரு ட்யூனின் மேல் இன்னொன்றை எழுதக்கூடாது, முதலில் கம்பெனியின் அசல் ஃபைலுக்குத் திரும்பவேண்டும். அசல் யாரிடம்? முதல் ட்யூனரிடம். அவரோ தன் ‘படைப்பை’ யாரும் காப்பி அடித்துவிடக் கூடாது என்று பெட்டியைப் பூட்டுப் போட்டுப் போயிருக்கிறார். மாப்பிள்ளை போன் செய்தான். யாரிடம் போகப் போகிறான் என்று தெரிந்ததும் அவர் குரல் மாறியது. பூட்டைத் திறக்கப் பணம் என்றார். அசல் ஃபைல் என்றதற்கு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. ஜீவனாம்சம் கேட்டதுதான் மிச்சம்.

நல்லவேளை, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்ட் நம்பரும் சாஃப்ட்வேர் நம்பரும் இருந்தன. கண்ணாடிக்காரர் அதே நம்பருள்ள அசலைத் தன் சேமிப்பில் தேடி எடுத்தார். பெட்டியைக் காரிலிருந்து கழற்றி, மேஜை மேல் வைத்துப் பூட்டை நீக்கி, அசலை எழுதினார். எழுதும்போது மின்சாரம் ஒரு கணம் தளர்ந்தாலும் பெட்டி பாதி எழுதிய சிலேட்டாகி, வண்டி கிளம்பவே கிளம்பாது. அதனால் ஸ்டெபிலைசர், சார்ஜர் என்று ஐ.சி.யு. மாதிரி செட்டப். திரையில் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்தது. 64 சதவீதத்தில் இரண்டு நிமிஷம் நின்றது. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட மாப்பிள்ளை அப்படிக் கையைப் பிசைந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவருடைய ட்யூன். ஆனால் முதலில் புதிய கிளச். அதன் விலையை இங்கே எழுதினால் அக்காவும் இந்தப் பத்திரிகை படிக்கிறவள் என்பதால் எழுதவில்லை.

புதிய ட்யூனில் காது திரும்ப வந்தது. பஞ்சை எடுத்ததும் முதல் ஓட்டத்திலேயே மூன்றாவது சிலிண்டரில் நாலு டிகிரி, ஐந்து டிகிரி என்று திருத்தம் எழும்பியது. இத்தனை வருஷமாக அந்தப் பிஸ்டன் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் டர்போவைக் குறைத்தார். முக்கியமாக 1,800 சுற்றில் திடீரென்று முதுகில் குத்துவது போல் வரும் டார்க்கை வெட்டினார். மாப்பிள்ளைக்குப் பிடித்ததே அந்தக் குத்துதான். இந்த மாதிரி நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் டர்போ இஞ்சின்களில், குறைந்த சுற்றில் அதிகப் பாரம் ஏற்றினால் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் வியாதி உண்டு. ஒரே ஒரு தடவை பலமாக வந்தாலும் பிஸ்டன் உடையலாம். காது கேட்டுத் திருத்துவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பது இன்னொன்று. 2019-ல் அந்த ட்யூன் எழுதியபோது இருந்த பெட்ரோல் அல்ல இப்போது பங்கில் வருவது. 2025-க்குள் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்தாயிற்று. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 போதும். லிட்டருக்கு லிட்டர் அதில் சக்தியும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் நாக்கைத் தடுப்பதில் பெட்ரோலைவிடக் கெட்டி. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு பெட்டி ஒவ்வொரு நாளும் ‘பெட்ரோல் போதவில்லை, இன்னும் கொஞ்சம் விடு’ என்று திருத்திக்கொண்டே ஓடியிருக்கிறது. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2025-ல் திருக்கணிதப்படி சனி பெயர்ந்துவிட்டார். திருநள்ளாற்றில் வாக்கியப்படி 2026-தான் என்றார்கள். வானத்தில் இருப்பது ஒரே சனி. அவருக்கு எந்தப் பஞ்சாங்கமானாலும் ஒன்றுதான். பிஸ்டன் அப்படி இல்லை.

‘100 ஆக்டேன் போட்டால் இன்னும் பத்துக் குதிரை வருமாமே’ என்று மாப்பிள்ளை நடுவே கேட்டான். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்.பி.100 என்று லிட்டர் 160 ரூபாய்க்கு விட்டதே, அது. அட்டவணை அதற்காக எழுதப்பட்டிருந்தால் வரும், இல்லாவிட்டால் பங்க்காரருக்கு வரும் என்றார் கண்ணாடி. அவர் அன்று சொன்ன ஒரே ஜோக்.

கடைசியில் புதிய காகிதம் வந்தது. 124 குதிரை, 205 டார்க். லாக்கில் பெட்டி தன் வாயால் எழுதியது 203. மாப்பிள்ளை முகம் விழுந்தது. பணம் கொடுத்து எட்டுக் குதிரையைத் தொலைத்துவிட்டு வருகிறவனை உலகத்தில் எங்கே பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் என்ன சொல்வான்?

“132-ன்னே சொல்லிக்கட்டுங்களா மாமா?”

“சொல்லிக்கோடா மாப்ளே. டீக்கடைக்குக் கிளச் இல்ல.”

அன்று சாயங்காலம் அதே மேம்பாலத்தில் மூன்று பேரும் போனோம். ஏறியது. லாரி ஒன்றும் வரவில்லை. அக்கா ஜன்னலை இறக்கி மோந்து பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

பாக்கி இருப்பது ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பெட்டிக்குள் எழுதியிருக்கும் எண்ணை எந்த ஆர்.டி.ஓ. வாசலிலும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பது மாப்பிள்ளை கட்சி. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரன் எட்டிப் பார்ப்பான் என்பது என் கட்சி. இந்த மாதம் பாலிசி புதுப்பிக்கவேண்டும். ஏஜெண்ட் கொண்டு வந்து கொடுத்த ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: ‘வாகனத்தில் மாறுதல் ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை.’ ஏஜெண்ட், “இல்லைன்னு டிக் பண்ணிருங்க தம்பி, எல்லாரும் அப்படித்தான்” என்றார்.

ஃபாரம் பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. மற்றதெல்லாம் பூர்த்தி செய்துவிட்டான். நேற்று அக்கா போன் செய்தாள். வாசனை சுத்தமாகப் போய்விட்டதாம். “அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டிருக்கான், நீயே வந்து பாத்துச் சொல்லிடு” என்றாள். இருபத்தெட்டாம் தேதி பாலிசி முடிகிறது. சேரன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் 14.